மிதி, பிடி, விடு

ஆலைச் சரிவில் அன்றைக்கு மழை.
சாலையில் ஓடிய தண்ணீரில் அரைச்சக்கரம் நனைந்து வந்த
அறுபத்திரண்டாம் வருஷத்து மோரிஸ் மைனர்
பிரேக் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் இறங்கியது.
மிதித்தேன். மிதித்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு இடப்பக்கத்துக்கு மட்டும் திடீரென்று ஞாபகம் வர,
மக்சிக் ரொகாயாவின் லெமாங் மேசையில் போய் நின்றது.
முப்பத்தாறு மூங்கில். ஆளுக்கு ஒன்றுமில்லை.
பத்துப் பத்து வெள்ளியாக எண்ணிக் கொடுத்து
தெரு முழுக்கப் பங்கு வைத்தேன்.
"வீட்ல என்னா விசேஷம்?"

புதுக் கார் எடுக்கலாமே, என்பார்கள் ஆபீசில்.
எடுக்கலாம்.
பேங்கில் என் பெயரைத் தட்டினால்
பரசுவின் லாரிக் கடன் வந்து நிற்கும்,
கேரன்டர் என்ற இடத்தில் என் கையெழுத்தோடு.
கையெழுத்து என்னவோ அழகாகத்தான் இருக்கும்.
அண்ணனும் நானும் பேசி நாலு வருஷம்.
சிலிம் ரிவரில் மோரிஸின் முன்சக்கரத்தைப் பிரிக்கத் தெரிந்தவனும்
அவன் ஒருவன்தான்.

ஆள் விட்டுச் சொன்னேன்.
சனிக்கிழமை வந்தான்,
ஈப்போ பொட்டோங் கடையில் பொறுக்கிய
ஒரு ஜோடி டிஸ்க், காலிப்பருடன்.
எந்தக் காருடையது என்று நான் கேட்கவில்லை.
பிராக்கெட் மட்டும் தஞ்சோங் மாலிம் லேத்துப் பட்டறையில்
புதிதாக அறுத்தது.

டிரம் வர மறுத்தது.
பக்கத்து வீட்டில் சீனி கேட்க வந்தவன்போல
சுற்றிச் சுற்றித் தட்டினான். வந்தது.
உள்ளே கறுப்புத் தூள்; ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றினான்.
வலப்பக்க சிலிண்டர் கசிந்து லைனிங் முழுக்க எண்ணெய்.
விரலால் தொட்டு எனக்குக் காட்டினான்.
தலையாட்டினேன்.
வாஷர் ஒன்று வைத்தான், எடுத்தான், மெல்லியதாக வேறொன்று வைத்தான்.
காலிப்பரின் நட்ட நடுவில் டிஸ்க் வந்து நிற்பதற்குள்
சூராவில் இரண்டு தடவை பாங்கு சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் குழாயிலிருந்து காற்றை எடுக்கவேண்டும்.
அதற்கு இரண்டு பேர் தேவை.

மிதி, என்றான் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து.
மிதித்தேன்.
பிடி.
போத்தலுக்குள் குமிழ் வரும் சத்தம்.
விடு.

நாலு வருஷத்தில் என்னிடம் சொன்ன முதல் மூன்று சொல்.
அறுபது தடவையாவது சொல்லியிருப்பான்.
நடுவில் ஒரு முறை இருமினான்.
தண்ணி வேணுமா என்பது என் தொண்டை வரை வந்தது.
மிதி, என்றான்.
மிதித்தேன்.

ஆலை வரை ஓட்டிப் பார்த்தோம்.
நின்றது. ஆனால் விடவில்லை.
காலை எடுத்த பிறகும் உரசிக்கொண்டே வந்து
சக்கரம் தோசைக்கல்லாகச் சுட்டது.
பரசு ரோட்டோரம் குந்தி உட்கார்ந்தான்.
வீட்டுக்கு ஊர்ந்து வந்து, தரைப் பலகையைத் தூக்கி,
மாஸ்டர் சிலிண்டருக்குள்ளிருந்து
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வால்வை எடுத்தான்.
"இது டிரம்முக்கு உள்ளது. கால எடுத்தாலும்
கொஞ்சம் அழுத்தத்தப் பிடிச்சு வெச்சிருக்கும்.
டிஸ்க்குக்கு ஆவாது."
சொல்லிவிட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டான்.
ஃபோன் வெளிச்சத்தில் இன்னும் முப்பது தடவை:
மிதி. பிடி. விடு.

ஞாயிறு மூன்று மணிக்கு மழை பிடித்தது.
சரிவில் இறக்கினேன்.
மிதி கனம். டிரம் தானாகக் கொஞ்சம் கடித்துக் கொடுக்கும்;
டிஸ்க்குக்குக் கால் கொடுப்பதுதான் கணக்கு.
தொடை வலிக்க மிதித்தேன்.
லெமாங் மேசைக்கு ஒரு லாரி நீளம் முன்னாலேயே
நேராக நின்றது.
ரொகாயா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்திருந்தார்.
பக்கத்து சீட்டில் பரசு டேஷ்போர்டை.

வைப்பர் நாலைந்து தடவை போய் வந்தது.
"பாக்கி எவ்ளோ இருக்கு?" என்றேன்.
பிரேக் எண்ணெயைக் கேட்கிறேன் என்று நினைத்து
"அரை டின்..." என்று ஆரம்பித்தவன்
நிறுத்தினான்.
"பதினாலு மாசம்."

லெமாங் இரண்டு வாங்கினோம்.
காசு அவன் கொடுத்தான்.